மாத்திரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருஷம் அப்பாவுக்கு இதய அடைப்பு நீக்கி வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்புறம் மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று தொடர்ந்து செலவு. பில்களை அம்மா ஒரு மஞ்சப்பையில் போட்டு, பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசியை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது: மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜ் ஆன பின் 60 நாள், அந்தச் சிகிச்சைக்கான செலவையும் கேட்டு வாங்கலாமாம். அதற்குள் கெடு முடிந்துவிட்டது. மருத்துவமனையிலும் சரி, ஏஜென்டும் சரி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல பாலிசிகளில் இந்த வசதி உண்டு. நாள் கணக்குதான் மாறும்.

60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. பாலிசியே இல்லாத, 60 வயது நிரம்பிய பெற்றோருக்கு நாம் செய்யும் மருத்துவச் செலவுக்கும், பழைய வருமான வரி முறையில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது.

பாலிசி புதுப்பிக்கும்போது இதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்துத் தரக் கூடாதா?

– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்