கழுகுப் பாறை மேல ட்ரோன் எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். லீவு நாள்ல ராமநகரா பக்கம் போறவங்க ட்ரோனையும் தூக்கிட்டுப் போறது சகஜமாயிடுச்சு, கேட்டா "250 கிராம்தான் சார், லைசென்ஸ் வேணாம்"ங்கறாங்க. 2021 ட்ரோன் விதிப்படி நானோ ட்ரோனை (250 கிராம் வரைக்கும் இருக்கறது) சும்மா பொழுதுபோக்குக்கு விட பைலட் லைசென்ஸ் வேணாம்ங்கறது நிஜம்தான், ஆனா அது வானத்துக்கான ரூல், கீழ இருக்கறது காடு, அங்க 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, சரணாலயத்துக்குள்ள போய் போட்டோ எடுக்கவே தலைமை வனவிலங்குக் காப்பாளர் பர்மிஷன் வேணும். ராமநகராவுல கழுகுச் சரணாலயமா இருக்கற ராமதேவர பெட்டா மலையில, பாறை இடுக்குல கூடு கட்டற பிணந்தின்னிக் கழுகு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் போடும், அந்த 'கொய்ங்'ங்கற சத்தத்துக்கு மிரண்டு எழுந்து போயிட்டா முட்டை கதி என்ன? கூட்டைத் தொந்தரவு பண்றதையும் அந்தச் சட்டம் வேட்டைங்கற கணக்குலதான் வச்சிருக்கு, எத்தனை பேருக்குத் தெரியும்! வனத்துறையே யானையைக் கண்காணிக்க ட்ரோன் விடுதேன்னு சிலர் மடக்கறாங்க, ரீல்ஸ் போடறதும் அதுவும் ஒண்ணா? ட்ரோன் எங்க விடலாம், எங்க கூடாதுன்னு காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலம் தெரியற மாதிரி சரணாலய எல்லையும் பளிச்சுனு தெரியணும், ட்ரோன் விக்கற கடைக்காரரும் பில் போடறப்பவே இதைச் சொல்லி அனுப்பணும்.

வாசகர், அல்சூர், பெங்களூரு