ஒரு சென்டிமீட்டரை நம்பி இனம் சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வட ஆப்பிரிக்காவில் கிடைத்த பழங்கால எலும்புக்கூடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பித்தான் படித்தேன். ஆனால், கைகால் நீளமாக இருப்பதால் அந்தக் கால வட ஆப்பிரிக்கர் எல்லோரும் இன்று சஹாராவுக்குத் தெற்கே வாழும் மக்களின் இனமே என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் எலும்புகளோடு வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரை பெரிதும் நம்பியிருப்பது ஒரே ஒரு விகிதத்தை. முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா எலும்பு, தொடை எலும்பின் நீளத்தில் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு அது. ஐரோப்பியரிடம் சராசரியாக 82, 83 என்று வரும். வெப்பமண்டல ஆப்பிரிக்கரிடம் 85, 86 வரும். குளிர்ப் பகுதி உயிர்களுக்குக் கைகால் குட்டையாகவும் வெப்பப் பகுதியில் நீளமாகவும் இருக்கும் என்று 1877-இல் ஜோயல் ஆலன் சொன்ன விதிக்கு இது ஒத்துப்போகிறது. சரி, நெருங்கி நிற்கும் 83-க்கும் 85-க்கும் இடையிலான அந்த 2 புள்ளி கையில் பிடித்தால் எவ்வளவு? தொடை எலும்பு 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 83 என்றால் டிபியா 37.4 செ.மீ. 85 என்றால் 38.3. வித்தியாசம் 1 செ.மீ. கூட இல்லை.

இனி அந்த எலும்பை அளக்கும் விதத்தைப் பாருங்கள். அளவுப் பலகையில் படுக்கவைத்து, ஒரு முனையைச் சட்டத்தில் முட்டவிட்டு, நகரும் கட்டையை மறுமுனைவரை தள்ள வேண்டும். கணுக்காலின் உட்புறம் விரலுக்குத் தட்டுப்படுகிறதே ஒரு மேடு, அது டிபியாவின் கீழ்முனை. அதைச் சேர்த்து அளந்தால் ஒரு நீளம் வரும். விட்டுவிட்டு அளந்தால் சுமார் 1 செ.மீ. குறையும். முதல் வருட மாணவர்கள்தான் இதில் தடுமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். எலும்பிலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரங்களை 1952-இல் கிளெசருடன் சேர்ந்து வெளியிட்ட மில்ட்ரெட் ட்ராட்டர், மேட்டைச் சேர்த்து அளந்ததாக எழுதியிருந்தார். உண்மையில் அதை விட்டுவிட்டே அளந்திருக்கிறார் என்பது 1990-களில் ரிச்சர்ட் ஜான்ட்ஸ் குழுவினர் எலும்புகளை மறுபடி அளந்தபோதுதான் வெளியே வந்தது. அதுவரை அந்தச் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

ஆக, கண்டத்துக்குக் கண்டம் இருக்கும் வித்தியாசமும் அளக்கும் முறை மாறினால் வரும் வித்தியாசமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கட்டுரையின் அட்டவணையிலோ, எந்த எண் எந்த முறையில் எடுத்தது என்ற குறிப்பே இல்லை.

அதே அட்டவணையில் 'இன்றைய ஆப்பிரிக்கர்' என்று ஒரே வரி. நைல் கரையின் நெட்டையான டிங்கா மக்களும் காங்கோ காட்டின் குட்டையான ம்புட்டி மக்களும் அந்த ஒரே வரிக்குள் அடக்கமா? 'இன்றைய' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. ஒப்பீட்டுக்குப் பலரும் கைவைக்கும் அமெரிக்காவின் டெர்ரி, ஹாமன்–டாட் எலும்புத் தொகுப்புகளில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இறந்த, கேட்பாரற்ற ஏழைகளின் உடல்கள். சிறுவயதில் சோறு சரியாகக் கிடைக்காவிட்டால் முதலில் அடிபடுவது கால் வளர்ச்சிதான். ஜப்பானில் 1957 முதல் 1977 வரை பிள்ளைகளின் உயரம் கூடியபோது, கூடியது அநேகமாகக் கால் மட்டுமே என்று குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் டேனரின் குழு காட்டியது. இருபதே ஆண்டுகளில் அங்கே இனம் மாறிவிடவில்லையே.

விகிதங்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சூடானின் ஜெபல் சஹாபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்வான் அணை நீரில் மூழ்குவதற்கு முன் 1960-களில் தொல்லியலாளர் ஃப்ரெட் வென்டார்ஃப் குழு அவசரமாகத் தோண்டிய கற்கால இடுகாடு அது, 61 பேர். மானுடவியலாளர் டிரென்டன் ஹாலிடே அவர்களை ஏராளமான எலும்புக்கூடுகளோடு ஒப்பிட்டார். ஒரு விகிதத்தோடு நிற்காமல் பல அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஜெபல் சஹாபா ஆட்கள் சஹாராவுக்குத் தெற்கே உள்ளோரைப் போலவே இருந்தார்கள். பற்களையும் மூக்கமைப்பையும் பார்த்த வேறு ஆய்வாளர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. ஆனால் அதே ஆய்வில், கற்கால மொராக்கோ, அல்ஜீரியாப் பகுதி மக்கள் இவர்களிடமிருந்து தெளிவாக வேறுபட்டு நின்றார்கள். கட்டுரை இந்தப் பாதியை விட்டுவிட்டது.

மொராக்கோவின் டஃபோரால்ட் குகை மக்கள் தனிக் கதை. ஓக் கொட்டைகளைத் தின்று தின்று பெரியவர்களின் பற்களில் பாதி சொத்தை! சுமார் 15,000 ஆண்டுப் பழைய அவர்கள் எலும்பிலிருந்து எடுத்த டிஎன்ஏ முடிவு 2018-இல் வந்தது. மரபில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நட்டூஃபியர் எனப்படும் கற்கால மேற்காசிய மக்களுக்கு நெருக்கம். மீதி ஆப்பிரிக்கச் சாயல். அப்புறம் 2025-இல் லிபியாவின் டகர்கோரி பாறைக்குடைவில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுப் பழைய இரண்டு பெண்களின் டிஎன்ஏ வெளியானது. அவர்கள் மரபில் பெரும்பகுதி, சஹாராவுக்குத் தெற்கே உள்ளோரிடமிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து வடக்கிலேயே தனித்திருந்த ஒரு கிளை. கலப்பில்லாத வடிவில் அது இன்று எவரிடமும் இல்லை. அப்படிப்பட்டவர்களின் டிபியாவை எந்த 'இன்றைய இன'த்தின் வரியில் சேர்ப்பது? அட்டவணையில் அவர்களுக்கு இடமே கிடையாது.

தொடரின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அட்டவணையை இடம்வாரியாகப் பிரித்து, எத்தனை எலும்புக்கூடுகள், மேட்டைச் சேர்த்து அளந்ததா சேர்க்காமலா, ஒப்பிட்ட தொகுப்பு எது என்று போடச் சொல்லுங்கள். ஜெபல் சஹாபா படத்தின் கீழே 'மொராக்கோ' என்று அச்சாகியிருக்கிறது. அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்