அந்த முகம் யாருடையது என்று எழுதுங்கள்

ஆப்பிரிக்க முகமூடிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் வாழும் பவுலே மக்களின் முகமூடி ஒன்றின் முன் வெகுநேரம் நின்றேன். உயர்ந்த நெற்றி, தாழ்ந்த இமைகள், நீண்ட மூக்கு, சின்ன வாய், நுணுக்கமாகப் பின்னி முடித்த கூந்தல். கீழே இருந்த சீட்டில் 'ஐவரி கோஸ்ட், மரம், கலைஞர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

எம்ப்லோ என்ற ஆட்டத்துக்காகப் பவுலே மக்கள் செதுக்கும் இந்த முகங்களில் பல, ஊரில் வாழ்ந்த ஒருவரின் சாயல். பெரும்பாலும் அழகிலோ ஆட்டத்திலோ பேர்போன ஒரு பெண். முகமூடியை அவருடைய 'ந்தோமா' என்பார்கள், அவருடைய இன்னோர் உருவம் என்ற பொருளில். அணிந்து ஆடுபவர் ஓர் ஆண். முகத்துக்கு உரியவரும் களத்துக்கு வந்து அதனோடு சேர்ந்து ஆடுவார். ஊரே பார்க்கத் தன் முகத்தோடு தானே ஆடுவது எப்படியிருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு முகம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவி கிமு என்ற சிற்பி செதுக்கியது. மோயா யான்சோ என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரியின் முகம் அது. உடம்பு இடம் கொடுத்தவரை அவரும் அதோடு ஆடினார். ஆய்வாளர் சூசன் வோகல் பவுலே ஊர்களிலேயே தங்கி விசாரித்ததால்தான் இந்த இரண்டு பெயர்களும் இன்று நமக்குத் தெரிகின்றன. கேட்டால் சொல்வதற்கு அங்கே ஆள் இருந்தார்கள். வாங்கிக்கொண்டு போன பலர் கேட்கவே இல்லை.

கோலி முகமூடிகளுக்கும் இதே கதிதான். அண்டையிலுள்ள வான் மக்களிடமிருந்து பவுலே மக்கள் எடுத்துக்கொண்ட ஆட்டம் அது. நான்கு வகை முகமூடிகள், வகைக்கு ஒரு சோடி, முறை வைத்துக் களமிறங்கும். நாரால் ஆன உடையும் மேளமும் பாட்டுமாக ஒரு நாள் ஓடிவிடும். நீங்கள் மாட்டி வைத்திருப்பது பெரும்பாலும் கொம்பு வைத்த வட்டமான ப்ளே ப்ளே என்ற வகையை மட்டும், அதுவும் சோடியில்லாமல்.

அப்புறம் இன்னொன்று. அதே கூடத்தில் விலங்குத் தலை வடிவில் பொனு அமுவென் என்ற புனித முகமூடி ஒன்று இருந்தது. அது ஆண்களுக்கு மட்டுமே உரியது, பெண்கள் கண்ணில் படவே கூடாது என்பது பவுலே மரபு. நான் ஒரு பெண். பார்த்து முடித்து வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் இது தெரிந்தது. பார்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். பெயர் கிடைத்த இடத்தில் சிற்பியின் பெயரையும் முகத்துக்கு உரியவரின் பெயரையும் சீட்டின் முதல் வரியில் போடுங்கள். கிடைக்காத இடத்தில், 'வாங்கியவர்கள் பெயரைக் கேட்டுக் குறித்துவைக்கவில்லை' என்று எழுதுங்கள். பொனு அமுவெனை வேறு அறைக்கு மாற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்