லேபில் சொந்த நிரலுக்குத் தடை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி லேபைக் கவனித்துக்கொள்பவன் நான். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில், மாணவர் ஒருவர் எழுதிய பைத்தான் நிரல் பொதுக் கணக்கில் இருந்த மற்றவர்களின் கோப்புகளை அழித்துவிட்டது. உடனே, சொந்த நிரல் எதையும் அங்கே ஓட்டக் கூடாது என்று உத்தரவு. இப்போது பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் உள்ளதைத் தட்டி, அவுட்புட் காட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் பஸ் பிடித்து வருபவர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு லேப் நேரத்தை விட்டால் வேறு ஏது?

அந்த லேபில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்திலேயே இதற்கு வழி உண்டு, காலணா செலவில்லாமல். ஓடும் நிரலின் கண்ணுக்கு எது தெரியலாம் என்பதை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே பிரித்து வைக்கும் வசதிக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். 2002-ல் மவுண்ட்டுக்கு, அதாவது கோப்பு அடைவுகளை இணைத்துக் காட்டும் வேலைக்கு, மட்டும் வந்தது. 2013-ல், கெர்னலின் 3.8 பதிப்பிலிருந்து, ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத சாதாரணப் பயனரும் பயன்படுத்தலாம் என்றானது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் நிற்பதும் இதன்மேல்தான். முன்பெல்லாம் பைத்தானில் இதைக் கேட்க, சி மொழி நூலகங்களை அழைக்கும் சிடைப்ஸ் வழியே சுற்றி வளைக்க வேண்டும். 2023-ல் வந்த பைத்தான் 3.12-ல் ஓஎஸ் மாட்யூலிலேயே, நேம்ஸ்பேஸைப் பிரித்துத் தரும் அன்ஷேர் இருக்கிறது.

எங்கள் லேபில் மாணவர்களே இதைச் செய்கிறார்கள். யூசர் (பயனர்), பிஐடி (ஓடும் நிரலின் எண்) நேம்ஸ்பேஸ்களைக் கேட்டு அன்ஷேரை அழைத்தால், அழைத்த நிரலின் எண் மாறாது. அப்புறம் ஃபோர்க் செய்து, அதாவது தன்னையே நகலெடுத்து, பிறக்கும் புராசஸ்தான் தன் எண் 1 என்று சொல்லும். ஆனால் ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் போட்டால் பழைய பட்டியல் அப்படியே வந்து நிற்கும். "சார், இன்னும் எல்லாம் தெரியுதே?" என்று கேட்பார்கள். பிஎஸ் படிப்பது, கெர்னல் புராசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் அடைவை. மவுண்ட் நேம்ஸ்பேஸையும் பிரித்து, ப்ராக்கைப் புதிதாக மவுண்ட் செய்ததும் பட்டியல் ஓரிரு வரியாகிவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை இதைவிட நன்றாக எந்த கைடும் சொல்லித் தராது. கோப்புகளும் தாமாக மறையாது. மற்றவர்களின் ஹோம் அடைவுகளை நாம்தான் உள்ளே தெரியாதபடி மூட வேண்டும். நெட்வொர்க்கையும் பிரித்தால் கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் லூப்பேக் மட்டும் மிஞ்சும், அதுவும் அணைந்த நிலையில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நேம்ஸ்பேஸ் பார்வையைத்தான் பிரிக்கும், நிரல் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று அளவு போடாது. முடிவில்லாமல் ஃபோர்க் செய்யும் நிரலைத் தடுக்க, அந்த அளவைப் போடும் சிகுரூப் என்ற கெர்னல் வசதி வேண்டும். கெர்னலும் பொதுதான்: கும்பகோணத்து ஒண்டுக்குடித்தனத்தில் கதவு தனித்தனி என்றாலும் கொல்லைக் கிணறு ஒன்றுதானே, அதுபோல. முன்பின் தெரியாதவர் தரும் நிரலுக்கு தனி கெர்னலோடு ஓடும் விர்ச்சுவல் மெஷின்தான் சரி. நம் பிள்ளைகளின் கைத்தவறுக்கு இது தாராளமாகப் போதும்.

உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வைத்திருக்கும் லேப்களில் சாதாரணப் பயனரின் யூசர் நேம்ஸ்பேஸை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு வசதி கட்டுப்படுத்தும். அந்தக் காவலை மொத்தமாக அணைத்துவிடாமல், குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் அனுமதி எழுதித் தரலாம்.

தடை போட்ட துறைத்தலைவர்கள் அடுத்த செமஸ்டருக்கு முன் அதை நீக்க வேண்டும். எங்கள் நிரல் சிறியதுதான். எந்தக் கல்லூரி கேட்டாலும் நேரில் வந்து ஓட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் பொறுப்பாளர்,
மன்னார்குடி