பெட்டி வண்டியில் வரட்டும், நாம் நடப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் சுற்றுலா பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வெளிநாட்டுக்குப் போய் நாள்கணக்கில் நடப்பதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தான் சரிவரும், நம்மவர்கள் வழிகாட்டியோடு பேருந்தில் போய் வருவதே பாதுகாப்பு என்பது அவர் கட்சி. தைப்பூச ரதத்துக்குப் பின்னால் வெயிலென்றும் பாராமல் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை நடக்கிற பினாங்கில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிறாரே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரதத்தின் பின்னால் போகிறவர்களுக்கு யாராவது கொடி பிடித்து வழி காட்டுகிறார்களா? பாதை தெரியும், தண்ணீர்ப் பந்தல் எங்கே இருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

நானும் என் தங்கையும் அறுபதைத் தாண்டியவர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் கடற்கரையோரம் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரிலிருந்து பென்சான்ஸ் வரை வழிகாட்டி யாரும் இல்லாமல் நடந்துவிட்டு வந்தோம். ஏறக்குறைய 65 கிலோமீட்டர். போவதற்கு முன் இங்கே ஒரு பயண முகவரிடம் கேட்டபோது, "ஆண்டி, பத்து நாளில் எட்டு நாடு பேக்கேஜ் இருக்கு, அதைப் பாருங்க" என்றார் அந்தப் பையன். எட்டு நாட்டையும் பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு வீட்டில் தொலைக்காட்சியே போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

இந்த ஏற்பாட்டைச் 'செல்ஃப் கைடட்' என்கிறார்கள். வழியிலுள்ள ஊர்களில் ஒவ்வொரு இரவுக்கும் அறை, காலைச் சாப்பாடு, வரைபடம், நடைக்குறிப்பு, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண், இவ்வளவையும் அங்குள்ள நிறுவனம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து தந்துவிடும். காலையில் பெரிய பெட்டியைத் தங்கும் விடுதியின் கூடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும், ஒரு வேன் வந்து அதை அடுத்த ஊர் விடுதியில் சேர்த்துவிடும். நம் முதுகில் தண்ணீரும் மழைக்கோட்டும் மதியச் சாப்பாடும் மட்டும்தான். நடக்க முடியாது என்று நினைக்கிற நம் அக்கா அண்ணன்மாருக்கு நான் சொல்வது இதுதான்: பாதிப் பயம் பெட்டியைப் பற்றிய பயம். அது தீர்ந்துவிட்டால் மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும்.

சரி, வழி தவறாதா? நாங்கள் நடந்தது தென்மேற்குக் கரையோரப் பாதையின் ஒரு பகுதி. அந்தப் பாதை மொத்தம் 630 மைல், அதாவது 1,014 கிலோமீட்டர். மைன்ஹெட்டில் தொடங்கிப் பூல் துறைமுக வாயில் வரை போகிறது. கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம்தான் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு சின்னக் குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டிய வேலை அவர்களுடையது, அதனால் பாதை கடலை விட்டு விலகுவதே இல்லை. பிரிகிற இடங்களில் மரக்கம்பத்திலோ கல்லிலோ ஓக் மரத்துக் கொட்டையின் சின்னம் செதுக்கியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் பென்சான்ஸ் வந்துவிடும். மூடுபனி இறங்கினால் மட்டும் கவனம், செங்குத்துப் பாறை விளிம்பு சில இடங்களில் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது.

சிரமமே இல்லை என்று சொல்லமாட்டேன். செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஸென்னோர் வரை பத்து கிலோமீட்டர்தான், வரைபடத்தில் பார்த்தால் காலைநேர நடை போலத் தெரியும். போய்ப் பார்த்தால் கருங்கல் பாறைகளுக்கு நடுவே சேறு, கையை ஊன்றி இறங்க வேண்டும், அடியில் ஒரு ஓடை, அதைத் தாண்டினால் உடனே ஏற்றம், ஏறி முடித்து மூச்சு வாங்கி நிமிர்ந்தால் எதிரே அதேபோல் இன்னொரு பள்ளம். கரைக்குச் சற்றுத் தள்ளிக் கிடக்கும் பாறைத்திட்டுகளில் சீல்கள் இருக்கும் என்றார்கள். தங்கை ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலுறையைப் பிழிந்துகொண்டே அவற்றைத் தேடினாள். கிலோமீட்டர் கணக்கை நம்பாமல் ஏற்ற இறக்கக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். அப்புறம், முடியாத நாளில் ஊருக்குள் ஏறி வந்து பேருந்து பிடித்து அடுத்த ஊருக்குப் போய்விடலாம், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. குழுவோடு போனால் இந்தச் சுதந்திரம் கிடைக்குமா?

என்னை அசைத்துப் போட்டது பென்டீனைத் தாண்டி வரும் சுரங்கப் பகுதி. எங்கள் அப்பா பேராக் மாநிலத்துக் கம்பாரில் ஈயலம்பத்தில், அதாவது வெள்ளீயச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். கார்ன்வாலில் பொட்டாலக் என்ற இடத்தில் கடலை ஒட்டிய பாறைச் சரிவில் சுரங்கத்தின் நீராவி இயந்திரங்கள் இருந்த பழைய கட்டடங்கள் இரண்டு, கூரை இல்லாமல் நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே சுரங்கம் கடலுக்கு அடியிலேயே போனதாம், அதுவும் ஈயம்தான், கூடவே செம்பும். பக்கத்தில் லெவன்ட் சுரங்கத்தில் 1919இல் ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் அறுந்து 31 பேர் இறந்திருக்கிறார்கள். கம்பார் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுக்க வந்த வெள்ளைக்காரர்களில் கார்ன்வால்காரர்கள் பலர் என்பது அப்பா சொல்லிக் கேட்டது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது நம் ஈயலம்பங்கள் மூடப்பட்ட கதை நமக்குத் தெரியும். அதே சரிவில் இவர்களும் அடிபட்டு, அதே பகுதியிலுள்ள கீவர் சுரங்கம் 1990இல் மூடியது. வழிகாட்டி இருந்திருந்தால் பத்து நிமிடம் கொடுத்து, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேருந்தில் ஏற்றியிருப்பார். நாங்கள் அங்கேயே பேஸ்டியைப் பிரித்துச் சாப்பிட்டோம். பேஸ்டி என்பது மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டம், நம் கறிபாப்புக்குப் பெரியண்ணன், சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுபோன சாப்பாடு. வெங்காயமும் சீஸும் வைத்தது கிடைக்கும், சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து வரும் லேண்ட்ஸ் எண்டில் கடைகளும் கூட்டமும்தான், சீக்கிரம் கடந்துவிடுங்கள். அதற்கு அப்பால் போர்த்கர்னோ குடா. 1870இல் கடலடித் தந்திக் கம்பி இங்கிருந்துதான் பம்பாய்க்கு இணைப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குள் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கம்பி வந்துவிட்டது. நம் ஊருக்கு லண்டன் செய்தி வந்த வழி இந்த மணல்தான்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி முதல் ஈ.டி.ஏ. என்ற மின்னியல் அனுமதி எடுக்க வேண்டும். லண்டன் பேடிங்டனிலிருந்து செயின்ட் ஐவ்ஸுக்கு ரயிலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம் போல ஆகும், செயின்ட் எர்த்தில் மாற வேண்டும். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் அவர்கள் பள்ளி விடுமுறை, அறை கிடைப்பதே பாடு.

ஆசிரியர் ஐயா, இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கார்ன்வாலில் இருப்பதில் பாதி நம் பினாங்குத் தீவிலேயே இருக்கிறது, யாரும் கோத்துவைக்கவில்லை. தெலுக் பாகாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. 1883இல் கட்டிய மூக்கா முனைக் கலங்கரை விளக்கம், ஆமைக் காப்பகம், மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்புத் தண்ணீருமாகக் கலக்காமல் நிற்கும் பந்தாய் கெராச்சுட் ஏரி எல்லாம் அங்கேதான். ஆனால் போனால் அன்றே திரும்பி வருவதுதான் வழக்கம், அல்லது படகு. அங்கிருந்து தெற்கே சுங்கை பினாங் வயல்கள், பாலேக் பூலாவ் டுரியான் தோட்டங்கள், புலாவ் பெத்தோங் மீனவக் கிராமம், பாசீர் பாஞ்சாங்கிலிருந்து குன்றேறி கெர்தாக் சங்குலில் இறங்கும் காட்டுத் தடம் என்று தொடர்ந்தால் மூன்று நான்கு நாள் நடை தாராளமாகக் கிடைக்கும். நடுவில் சதுப்புக்காடும் ஆற்று வாயும் குறுக்கிடுமே என்பார்கள். இங்கிலாந்துப் பாதையிலும் ஆற்று வாய்களில் படகேறித்தான் அக்கரை போகிறார்கள், அதற்காக யாரும் பாதை இல்லை என்று சொல்லவில்லை. நம் வெயிலுக்கு ஏழு மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணிக்குள் முடிக்கிற மாதிரி எட்டுப் பத்து கிலோமீட்டராகப் பிரித்தால் சரியாக இருக்கும்.

சாலைபோல் சிமெண்ட் பூசச் சொல்லவில்லை, கைப்பிடி கட்டச் சொல்லவில்லை. பிரிகிற இடத்திலெல்லாம் ஒரே அடையாளத்தோடு ஒரு கம்பம், ஒவ்வொரு நாள் முடிவிலும் ஹோம்ஸ்டே, பெட்டியைக் கொண்டுபோகக் கிராமத்து வேன்காரர் ஒருவர். மாநிலச் சுற்றுலாப் பொறுப்பில் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அதில் பிழைப்பு உண்டு.

பாலேக் பூலாவ், தெலுக் கும்பார் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது புலாவ் பெத்தோங்கிலிருந்து பாசீர் பாஞ்சாங்குக்குத் தார்ச்சாலையைத் தொடாமல் போகும் தோட்டத்துப் பாதை தெரிந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுங்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து தெலுக் பாகாங் வரை 101 பேருந்து இருக்கிறது, அந்தப் பக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.