எல்லோருக்குமான கருத்தரங்கின் அழைப்பிதழை எல்லோராலும் படிக்க முடிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியின் துணைகொண்டு இலக்கியத்தையும் வரலாற்றையும் ஆராயும் எண்ணிம மானுடப்புலத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்கச் செய்வது எப்படி என்னும் பொருளில், தமிழகக் கல்லூரி ஒன்றில் அண்மையில் நடந்த கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். நான் பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியன். பேசியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இத்தகைய கருத்தரங்குகளை நாம் நடத்தும் முறையே அவற்றின் தலைப்புக்கு முரணாக இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. அழகாக வடிவமைத்திருந்தார்களாம், திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் என் கைப்பேசியின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் 'படம்'. கட்டுரை அனுப்பக் கடைசி நாள் எது என்பதை மாணவர் ஒருவர் படித்துச் சொல்லித்தான் அறிந்தேன். அரங்கிலோ, சொல் வருகையை வரைபடமாகக் காட்டிய ஆய்வாளர், "பார்த்தாலே விளங்கும்" என்று கூறிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். எந்தச் சொல் எந்த நூலில் மிகுதி என்று வாய்விட்டு இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், பார்வையுள்ளவர்களுக்கும் கூடுதலாக விளங்கியிருக்கும்.

பொறுமையை மிகவும் சோதித்தது கட்டுரைத் தொகுப்புதான். மென்படியாகத் தருகிறார்களே என்று மகிழ்ந்து திறந்தால், பல கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த பழைய எழுத்துரு. ஆகவே, உங்கள் கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது என் காதில் 'ஜே, கே, பி, ஓ' என்று விழுகிறது. முடிவில் ஓர் அரைப்புள்ளி வேறு. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் கொண்ட ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்று 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஆணையிட்டுவிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருக்கள் தமிழ்த்துறைகளை விட்டுப் போகவில்லை. அச்சகத்தார் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பதே காரணம் கேட்டால் கிடைக்கும் பதில்.

இதனினும் பெரிய தடை, நாம் பெருமையோடு பேசும் மின்னூலகங்களில் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்டவை உட்பட ஏராளமான பழைய நூல்கள் ஒளிவருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பக்கங்களாகவே, அதாவது படங்களாகவே, இணையத்தில் கிடைக்கின்றன. அவை எழுத்தாக மாற்றப்பட்டு, மெய்ப்புப் பார்க்கப்பட்டால்தான் எங்களுக்குக் குரலாகவோ பிரெயிலாகவோ வந்து சேரும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியதால்தான், யாரையும் எதிர்பாராமல் புறநானூற்றில் வேண்டிய பாட்டை என்னால் நானே தேடி எடுக்க முடிகிறது. ஆனால், 1930-களின் இதழ்களை ஆராய நினைத்தால் ஒரு வாசிப்பாளரைத் தேடித்தான் போக வேண்டும். பார்வையற்ற மாணவர்கள் பலர் தமிழை விரும்பி எடுத்து, முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்கும் வருகிறார்கள். அவர்களில் பலர் சங்க இலக்கியத்தையும் திருக்குறளையும் ஆய்வுக்கு எடுப்பதைப் பார்த்து, பழந்தமிழில் அவர்களுக்குத் தனி நாட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. கேட்கக்கூடிய வடிவில் எது கிடைக்கிறதோ அதுவே தலைப்பாகிறது. ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கேயே பறிபோகிறது.

படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் வந்துவிட்டதே என்று கருத்தரங்கிலும் ஒருவர் கேட்டார். வந்திருப்பது உண்மை, புதிய அச்சை அது நன்றாகவே படிக்கிறது. ஆனால், 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் உள்ள பழைய 'லை', 'ணை', 'றா' போன்ற வடிவங்களில் தடுமாறுகிறது; மங்கிய தாளில் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொள்கிறது. மனிதர் ஒருவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும். இணையத்தின் கட்டற்ற நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் அந்த வேலையைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றிச் செய்து வருகிறார்கள். தமிழ் முதுகலை மாணவர்களுக்கு அதையே மதிப்பெண்ணுடன் கூடிய பயிற்சியாக ஆக்கினால், மெய்ப்புத் திருத்தும் திறனும் வரும், நூல்களும் திருந்தும்.

சட்டம் தடுக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்ற இடம் தருகிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி அளித்த நாடும் இந்தியாதான். மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வலியுறுத்துகிறது.

எனவே, கருத்தரங்குகளுக்கு நல்கை வழங்கும் அமைப்புகள், அழைப்பிதழும் கட்டுரைகளும் ஒருங்குறி உரையாகவும் வெளியிடப்பட்டால்தான் தொகை விடுவிக்கப்படும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பெறும்போது பல்கலைக்கழகங்களும் இதையே வற்புறுத்தலாம். ஒளிவருடும் திட்டங்களின் மதிப்பீட்டில் எழுத்தாக்கத்துக்கும் மெய்ப்புக்கும் உரிய தொகையைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அழைப்பிதழைப் பொறுத்தவரை பணச் செலவே இல்லை. படத்துக்குக் கீழே நாள், இடம், கட்டணம், தொடர்பு எண் ஆகியவற்றை நான்கு வரியாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.