96 மணி நேரத்தில் எந்த மீனும் சினை பிடிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாயக்கழிவு பற்றிய உங்கள் கட்டுரையில் ஆலைத் தரப்பின் பதிலாக ஒரு வரி வந்திருந்தது: "எங்கள் தண்ணீரில் மீன் உயிரோடு இருக்கிறது, அறிக்கை இருக்கிறது." ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் அந்த மாதிரி அறிக்கைகளை வருடக்கணக்காக எழுதிக் கொடுத்தவன் நான். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் கழிவுநீருக்கான பொதுத் தரநிலைகள் இருக்கின்றன. அதில் மீனுக்கு ஒரே வரிதான். நல்ல தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்டுவைத்தால் 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். பத்து விட்டால் ஒன்பது மிஞ்ச வேண்டும். நான்கு நாள் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரு முறை ஒரு சலவைப் பட்டறையின் தண்ணீர் வந்திருந்தது. பத்துக் கெண்டைக் குஞ்சுகள், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நான்கு நாளும் தீனி போடக் கூடாது என்பது முறை. ஐந்தாம் நாள் காலையில் எண்ணினேன், பத்தும் உயிரோடு இருந்தன. 'தேறியது' என்று எழுதிவிட்டு, பட்டினி கிடந்த ஜீவன்களாயிற்றே என்று இரண்டு தொட்டியிலும் ஒரு சிட்டிகை தீனி தூவினேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் இருந்தவை ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. பட்டறைத் தண்ணீரில் இருந்தவற்றில் ஒன்றுகூட அசையவில்லை. தலை மேலே, வால் கீழே என்று மூலையில் தொங்கிக்கொண்டு செவுளை மட்டும் வேக வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. என் படிவத்தில் 'உயிர்', 'இறப்பு' என்று இரண்டே கட்டங்கள். கண்ணால் கண்டதை எழுத அதில் இடமில்லை. அன்று போட்ட கையெழுத்து இன்றுவரை என்னை உறுத்துகிறது.

துணி நனைய, அழுக்குப் போக என்று பட்டறைகளில் ஊற்றும் வெட்டிங் ஏஜென்ட், சோப் ஆயில் வகைகளில் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற பொருள் உலகம் முழுக்க நெடுங்காலம் புழங்கியது. விலை மலிவு, வேலை சுத்தம். இதன் கோளாறே சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதன் மூலக்கூறின் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்ன, கடைசியில் மிஞ்சுவது நோனைல்ஃபீனால். அது தாய்ப் பொருளைவிட நஞ்சு, தண்ணீரில் கரைவதும் குறைவு. சேற்றில் தங்கும், மீனின் கொழுப்பில் ஏறும், உடம்புக்குள் போய்ப் பெண் ஹார்மோன் போல நடிக்கும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் கம்பளி ஆலைகளின் கழிவு சேர்ந்த ஏர் ஆற்றில், 1990-களில் ஆண் மீன்களின் இரத்தத்தில் முட்டைக் கருவுக்கான புரதம் இருந்ததைக் கண்டார்கள். சினையே பிடிக்காத ஆண் மீனுக்கு அந்தப் புரதம் எதற்கு? அந்த மீன்கள் செத்து மிதக்கவில்லை. 96 மணி நேரச் சோதனைக்கு இது ஒருநாளும் அகப்பட்டிருக்காது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதே நோனைல்ஃபீனாலுக்கு 2005-இல் நன்னீர் வரம்பு வகுத்தபோது இரண்டு எண் கொடுத்தது. குறுகிய காலத்துக்கு லிட்டருக்கு 28 மைக்ரோகிராம், நீண்ட காலத்துக்கு 6.6. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் ஆண்டுச் சராசரியாக 0.3-க்கு மேல் கூடாது என்றது. நாள் கூடக்கூட எண் எப்படி இறங்குகிறது பாருங்கள்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் ஆய்வு ஏரிகளில் ஒன்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பொருள் வேறு, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோன். 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகாலங்களில் அதை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் (மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோகிராம்) அளவில் ஏரியில் கலந்தார்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல் நீள மீனில் ஆண்கள் பெண் தன்மை அடைந்தன, குஞ்சுகள் வருவது நின்றது, அந்த இனம் ஏரியிலிருந்து ஏறக்குறைய அற்றே போனது. இருக்கிற மீனை யாரும் கொல்லவில்லை, அடுத்த தலைமுறை வரவில்லை. கலப்பதை நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல மீண்டது என்பது ஆறுதலான செய்தி.

அப்படியானால் எல்லா இரசாயனத்தையும் மாதக்கணக்கில் மீனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அது வீண் செலவு, நூற்றுக்கணக்கான உயிர்களையும் பலி கேட்கும். எந்தப் பொருளுக்கு வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் அறிவு இருக்கிறது. ஐரோப்பாவில் 2007-இல் நடைமுறைக்கு வந்த 'ரீச்' என்ற இரசாயனப் பதிவு விதிகளில், ஆண்டுக்கு 10 டன் தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ குறுகிய கால மீன் சோதனை, 100 டன்னைத் தாண்டினால் நீண்ட காலச் சோதனை. தண்ணீரில் சரியாகக் கரையாத பொருள் என்றால் 10 டன்னிலேயே நீண்ட காலச் சோதனையைப் பரிசீலிக்க வேண்டும். இதன் காரணம் தொட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையாத பொருள் கண்ணாடியில் ஒட்டும், மீன் உடம்பில் மெதுவாக ஏறும். நான்காம் நாள் நாம் எண்ணி முடிக்கும்போது அது மீனுக்குள் பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. நீண்ட காலச் சோதனைக்கும் எடுத்த எடுப்பில் இறங்கிவிட முடியாது. ஹெல்சின்கியில் உள்ள ஐரோப்பிய இரசாயன முகமையிடம் முதலில் முன்மொழிய வேண்டும். அதே விவரம் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று 45 நாள் ஊரறியக் கேட்பார்கள்.

அந்த நீண்ட சோதனையில் கருவுற்ற முட்டையிலிருந்தே ஆரம்பிப்பார்கள். எத்தனை பொரிந்தன, எத்தனை கோணல் முதுகோடு வந்தன, வரிக்குதிரை மீன் என்றால் பொரிந்து 30 நாளில் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை என்றெல்லாம் அளப்பார்கள். ஹார்மோன் வேலை செய்யும் பொருளுக்கு அதுவும் பத்தாது. ஆணா பெண்ணா என்று தெரியும் வரை, ஏறக்குறைய 60 நாள் வளர்த்துப் பார்க்கும் முறை தனியாக இருக்கிறது.

என் கருத்து இதுதான். ஆற்றில் தினமும் இறங்குவதா, கரையாமல் தங்குவதா, உடைந்து வேறொன்றாக மாறுவதா, ஹார்மோன் வேலை காட்டுகிறதா என்ற நான்கையும் முதலில் கேட்க வேண்டும். இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால் 96 மணி நேர அறிக்கையை ஏற்கக் கூடாது. சோதனைச் செலவைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் ஏற்கட்டும். கேனை வாங்கி ஊற்றும் சின்னப் பட்டறைக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நோனைல்ஃபீனாலுக்கு இனி ஒரு மீனைக்கூடத் தொட்டியில் விட வேண்டியதில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, புழக்கத்தை நிறுத்தினால் போதும்.

ஐரோப்பாவில் அதை நிறுத்தியும்விட்டார்கள். 2021 பிப்ரவரி முதல், துவைக்கக்கூடிய துணியில் எத்தாக்சிலேட் 0.01 சதவீதம் இருந்தாலே அங்கே விற்க முடியாது. வீட்டில் துவைக்கும்போது அது தங்கள் ஆற்றுக்குப் போகும் என்ற கவலையில் போட்ட தடை அது. துணியில் ஒட்டி வரும் மிச்சத்துக்கே அவர்கள் இவ்வளவு பயப்படும்போது, அந்தத் துணியை அலசிய தண்ணீரை நொய்யலிலும் காவிரியிலும் காளிங்கராயன் வாய்க்காலிலும் பார்த்து வளர்ந்த எனக்கு எப்படி இருக்கும்?

உங்கள் நிருபரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது மீன் சோதனை அறிக்கையை நீட்டினால் சில கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். எந்த சோப் ஆயில், மாதம் எத்தனை கிலோ, சுத்திகரிப்பில் அது என்னவாக மாறுகிறது, மாறிய அந்தப் பொருளில் முட்டையிலிருந்து மீன் வளர்த்துப் பார்த்தவர் யார்? வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
ஈரோடு